கடற்கரைப் பொருட்காட்சிசாலைக்கு இடம் தேர்தல்

கடற்கரை ஊர்களில் பழைய நங்கூரங்களும், துடுப்புகளும், பாய்மரத் துண்டுகளும் கவனிப்பாரற்றுக் கிடப்பதைக் காண்கிறோம். இவற்றைத் திரட்டி, ஊரின் கடல் வாழ்வை இளைஞர்க்கும் வெளியூரார்க்கும் எடுத்துக்காட்டும் பொருட்காட்சிசாலை ஒன்றை அமைக்கவேண்டும் என்ற ஆவல் பஞ்சாயத்து அங்கத்தினர்க்கு எழுமானால், அது வரவேற்கத் தக்கதே. ஆனால் தீர்மானம் நிறைவேறும் முன்னரே, “அலையைப் பார்த்தாற்போல் கரையிலேயே கட்டிவிடுவோம்” என்ற பேச்சும் எழுந்துவிடுகிறது. அப்பேச்சு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதையே இங்கு ஆராய்வோம்.

தரங்கம்பாடியை எடுத்துக்கொள்வோம். தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று, டேனியர் 1620-ஆம் ஆண்டில் அங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். அக்கோட்டையினுள் இன்று மாநிலத் தொல்லியல் துறையின் காட்சிசாலை நடைபெறுகிறது. அதே கரையில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306-இல் எழுப்பப்பெற்ற மாசிலாமணிநாதர் கோயில் நிற்கிறது. அதன் கிழக்குப் பகுதியைக் கடல் கொண்டுபோயிற்று. கட்டியவர்கள் அலைவாயிலில் கட்டியிருக்கமாட்டார்கள். கரைதான் நகர்ந்து வந்தது. கடற்கரையில் இன்று காணும் எல்லை நாளைய எல்லையன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அந்த டேனியரின் தாய்நாடான டென்மார்க்கிலேயே இத்தகைய அனுபவம் ஒன்று நேர்ந்தது. ரோஸ்கில்டே என்னும் நகரருகே, நிலத்தினுள் நீண்டு புகுந்த கடற்கழி ஒன்று உண்டு. 11-ஆம் நூற்றாண்டில், பகைவர் கலங்கள் நகரை அணுகாதபடி அங்கத்தவர் பழைய கப்பல்களில் கல்லை நிரப்பி மூழ்கடித்து நீர்வழியை அடைத்தனர். 1962-இல் அவ்விடத்தைச் சுற்றி அணையிட்டு, நீரை இறைத்து, ஐந்து கப்பல்களின் மரங்களை வெளியே எடுத்தார்கள். நெடுங்காலம் நீரில் ஊறிய மரம் காற்றுப்பட்டுக் காய்ந்தால் சுருங்கிப் பிளந்துவிடும். ஆதலால் நீருக்குப் பதிலாக மெழுகு போன்றதொரு வேதிப்பொருளை மரத்தினுள் ஏற்றிப் பாதுகாத்து, துண்டுகளை மீண்டும் பொருத்தினர். 1969-இல் நீர்விளிம்பிலேயே கான்கிரீட் கூடம் ஒன்று கட்டித் திறந்தனர். கழியைப் பார்த்த பக்கம் முழுவதும் கண்ணாடி. கப்பலையும் கடலையும் ஒரே பார்வையில் காணலாம் என்று உலகமே புகழ்ந்தது. 1990-களில் அக்கட்டடம் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களின் வரிசையிலும் சேர்ந்தது.

நடந்தது என்ன? திறந்த கான்கிரீட்டினுள் கம்பிகள் துருவேறின. 2013 டிசம்பரில் வீசிய புயலில் கழியின் நீர் இரண்டு மீட்டர் அளவுக்கு உயர்ந்து, அக்கண்ணாடிச் சுவரையே முட்டிற்று. கப்பல்கள் தப்பியது ஊழியர்களின் உழைப்பால். 2018-இல் அரசே அக்கட்டடத்தைப் பாதுகாப்பு வரிசையினின்று நீக்கிற்று. கப்பல்களுக்கு வேறு கூடம் அமைப்பதென்றும் முடிவாயிற்று. ஐம்பது ஆண்டுகூட நிறையாத கட்டடம்! ஆயிரம் ஆண்டுக் கப்பல்களைக் காக்கக் கட்டப்பட்டது அது என்பதை நினைக்கும்போது, செல்வ வளம் மிக்க நாட்டுக்கே இது பெரும் இழப்பு என்று தோன்றுகிறது. நம் பஞ்சாயத்தின் வரவுசெலவு அதைத் தாங்குமா?

ஆதலின் முதலில் செய்யவேண்டியது, ஊர்ப் பெரியவர்களை உடன் அழைத்துச் சென்று, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது நீர் எவ்விடம் வரை வந்தது என்பதைக் குறித்துக்கொள்வதே. தளம் அந்த மட்டத்திற்கு மேல் இருத்தல் வேண்டும். கடலைக் காட்ட விரும்பினால், மேடான இடத்தில் கட்டடமும், கரையில் பிரித்தெடுக்கக்கூடிய ஒரு கீற்றுப் பந்தலும் போதும். பந்தல் போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். 1991-இல் முதலில் வெளியாகி, 2011-லும் 2019-லும் மாற்றியமைக்கப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி, கரையோரக் கட்டடத்துக்கு முன்அனுமதி தேவை என்பதையும் மறத்தலாகாது.

புதுக் கட்டடந்தான் வேண்டும் என்பதில்லை. பழைய கிடங்கோ செங்கல் வீடோ இருந்தால், அதைச் செப்பனிடுவது சிக்கனம். அங்ஙனம் செப்பனிடும்போது சிமென்ட் பூசுவது பெருந்தவறு. சுவரில் ஏறிய உப்பு வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரித்துவிடும். சுண்ணாம்புச் சாந்து உப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு உதிரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபூச்சு இட்டால் சுவர் நிலைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் வடகிழக்கிலிருந்து வருதலின், பெரிய வாயில்களை அத்திசையில் வைத்தல் தகாது.

விவசாயிகள் கருத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பார்வையாளர் வசதிக்கென்று கரையோரத்தில் ஆழ்துளைக் கிணறு இட்டு மிகுதியாக இறைத்தால், கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்து அண்டை வயற்கிணறுகள் உவர்த்துப்போகும். கூரை மழைநீரைத் தொட்டியில் சேர்ப்பதே முறை. வடிகால் வாய்க்காலை மறித்து மண் மேடிட்டாலோ, மழைக்காலத்தில் பயிர் அழுகும்.

ரோஸ்கில்டேயினின்று நாம் மேற்கொள்ளத்தக்கதும் ஒன்று உண்டு. அங்கே காட்சிசாலையோடு படகுப் பட்டறையும் நடைபெறுகிறது. ஐந்து கப்பல்களுள் ஒன்றன் மரவளையங்களை ஆராய்ந்து, அது 1042-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் கட்டப்பட்டது எனக் கண்டனர். அதைப் போன்ற கப்பலைப் பழைய முறைப்படியே கட்டி, 2007-இல் டப்ளினுக்குச் செலுத்தியும் காட்டினர். நம் கட்டுமரமோ 2004-க்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகியமையால் அருகி வருகிறது. கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயவைப்பதும், மறுபடி கயிற்றால் பிணைப்பதும் அறிந்த கைகள் முதுமையடைந்துவிட்டன. அவர்கள் சொல்லும் அளவுகளையும், மரங்களின் பெயர்களையும், முடிச்சு வகைகளையும் பள்ளி மாணவர்களைக் கொண்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் வேலையை, இடம் தேர்ந்து அனுமதி வருமுன்னரே, இந்த மாதமே தொடங்கிவிடலாம்.