தண்ணீரை ஏற்காத மண்

மழைக்குப் பின்னும் உங்கள் தோட்டத்து மண் உள்ளே காய்ந்திருக்கிறதா? பைனஸ், யூக்கலிப்டஸ் சருகிலுள்ள மெழுகு படிந்தாலோ, மானாப்புல்லை எரித்தாலோ, காய்ந்த மண் தண்ணீரை ஏற்காமல் போகலாம். ஒக்டோபர் மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவிடும்.

சோதனை: சருகை விலக்கி, காய்ந்த மண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். 5 செக்கனுக்கு மேல் உருண்டு நின்றால் அது அத்தகைய மண்.

செய்ய வேண்டியவை: தீ வைக்காதீர்கள். பாத்தியில் கூட்டெரு கலந்து, வெட்டிய புல்லால் மூடுங்கள். கான்களைத் துப்புரவாக வைத்திருங்கள்.

கவனம்: மேல்மண் காய்ந்திருந்தாலும் வெடிப்புகள் வழியே தண்ணீர் ஆழத்துக்கு இறங்கும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது தொடர்மழைக்குப் பின்னரே. நிலத்தில் புதிய வெடிப்பையோ கலங்கிய ஊற்றையோ கண்டால், குடும்பத்தோடு உடனே விலகி, கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள்.