பழைய ஆர்மோனியம் வாங்கப் போறீங்களா?

லேப்ல வீட்ஸ்டோன் பிரிட்ஜ் பண்ணியிருப்பீங்க. அதை 1843-இல் பிரபலமாக்கிய அதே சார்லஸ் வீட்ஸ்டோன்தான் கான்செர்டினா என்ற கைத்துருத்தி வாத்தியத்தையும் உருவாக்கியவர். நம்ம திருவள்ளூர் பக்கம் தெருக்கூத்திலும் பஜனையிலும் கேட்கிற ஆர்மோனியம் அதுக்குச் சொந்தக்காரன்தான். ரெண்டிலும் துருத்திக் காற்று உலோக ரீடை அதிர வைக்குது.

செகண்ட் ஹேண்ட் பெட்டி பார்க்கும்போது பாலிஷைப் பார்த்து மயங்காதீங்க. மூணு சோதனை போதும்.

1. காற்று: எந்தக் கட்டையையும் அழுத்தாம துருத்தியை நாலைந்து தடவை அமுக்குங்க. கைக்குக் கெட்டியான எதிர்ப்பு தெரியணும். லேசா மடங்கிக்கிட்டே போனா எங்கேயோ ஒழுகுது.

2. சுருதி: ஒவ்வொரு கட்டையையும் மெதுவாவும் பலமாவும் வாசிச்சு, போன் டியூனர்ல பாருங்க.

3. ரீட்: மேல்பலகையைத் திறந்து அரம் போட்ட கீறல் இருக்கான்னு பாருங்க. முனையைத் தேய்ச்சா நிறை குறைஞ்சு சுருதி ஏறும். அடியைத் தேய்ச்சா விறைப்பு குறைஞ்சு சுருதி இறங்கும். ரெண்டு இடத்திலும் ஆழமா கீறல் இருந்தா, பலமுறை சுருதி திருத்திய ரீட், பலவீனமாகியிருக்கும்.

ரெண்டு பெட்டியை ஒப்பிட்டா, ஒழுகுற பெட்டியே மேல். ஒழுகலை ஒட்டி அடைக்கலாம். தேய்ஞ்ச உலோகம் திரும்ப வராது.

நீங்களே விற்கும்போது இந்தக் குறைகளைச் சொல்லிட்டு விலை பேசுங்க. வாங்குறவர் விடிய விடியக் கூத்துக்கு வாசிக்கிறவரா இருக்கலாம். பாதி ராத்திரியில ரீட் உடைஞ்சா அவருக்கு வேற பெட்டி கிடையாது.