தரம் பிறக்கும் இடம்

நுழையும்முன்

செய்து முடித்த பொருளில் குறை காண்பது எளிது. குறை நேராதவாறு செய்வது அரிது. அரிய அச்செயலைப் பழக்கமாக்கிக்கொள்வதே 'தொடர் மேம்பாடு' எனப்படும். பொறியியல் உலகம் போற்றும் இக்கோட்பாடு, கந்தக நிலத்துத் தொழிற்கூடங்களில் உயிர்காக்கும் அறமாகவும் விளங்குவதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கரிசல் நிலமும் தொழிலும்

விருதுநகர் மாவட்டத்தின் வடபகுதியில், மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் காரியாபட்டி. இதற்குத் தென்மேற்கே சாத்தூர், சிவகாசி வட்டாரங்கள் உள்ளன. மழை குறைந்து வெயில் மிகுந்த இம்மாவட்டத்தில் வானம் பார்த்த வேளாண்மை மட்டும் மக்களுக்குப் போதவில்லை. 1922ஆம் ஆண்டு சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். பயிருக்குப் பகையான வறண்ட காற்று, தீப்பெட்டிக்கும் பின்னர் வளர்ந்த பட்டாசுத் தொழிலுக்கும் துணையாயிற்று.

சோதித்தால் அழியும் பொருள்

ஒரு மிதிவண்டியை ஓட்டிப் பார்த்து, அது நன்றாக இருந்தால் விற்கலாம். பட்டாசை அவ்வாறு சோதிக்க இயலாது. கொளுத்திப் பார்த்த பட்டாசு எரிந்து சாம்பலாகிவிடும். ஒரு தொகுதியிலிருந்து சிலவற்றை எடுத்துச் சோதிக்கலாம். எஞ்சியவை நல்லவை என நம்புவதற்கு ஒரே அடிப்படை, அவை அனைத்தும் ஒரே முறையில் செய்யப்பட்டமைதான். எனவே, தரம் இறுதிச் சோதனையில் பிறப்பதன்று. மருந்தை நிறுக்கும் தராசிலும், சலிக்கும் சல்லடையிலும், திரி வைக்கும் விரலிலும் பிறப்பது.

இவ்வுண்மையை அமெரிக்க அறிஞர் வால்டர் ஷூவார்ட் 1924இல் உருவாக்கிய கட்டுப்பாட்டு வரைபடத்தின்வழி உலகிற்கு உணர்த்தினார். செய்முறையில் நேரும் இயல்பான ஏற்ற இறக்கம் எது, குறையைக் காட்டும் அறிகுறி எது என அவ்வரைபடம் பிரித்துக் காட்டும். அவர்வழி வந்த எட்வர்ட்ஸ் டெமிங், 1950இல் ஜப்பானியப் பொறியாளர்களுக்கு இக்கலையைக் கற்பித்தார். திட்டமிடல், செய்தல், சரிபார்த்தல், திருத்திச் செயற்படல் என்னும் நான்கும் சக்கரமாய்ச் சுழல வேண்டும் என்பது இந்நெறியின் சாரம். நாள்தோறும் சிறு சிறு திருத்தங்களால் வளர்வதை ஜப்பானியர் 'கைசன்' என்றழைத்தனர்.

> தெரிந்து தெளிவோம்
> தரமேலாண்மையில் சிறந்த நிறுவனங்களுக்கு ஜப்பானில் டெமிங் பரிசு வழங்கப்படுகிறது. 1998இல் இப்பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம், தமிழகத்தின் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு. 2002இல் டிவிஎஸ் மோட்டார் நிறுவனமும் இப்பரிசைப் பெற்றது.

'ஏன்?' என்னும் கருவி

குறையின் வேரைக் காண விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 'ஏன்?' என்று ஐந்து முறை கேட்பது ஜப்பானியத் தொழிற்கூடங்களின் வழக்கம். ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். ஒரு தொகுதியிலுள்ள புஸ்வாணங்களுள் சில, பூவாய்ச் சொரியாமல் வெடிக்கின்றன. ஏன்? மருந்து சீராக இறுகவில்லை. ஏன்? ஒவ்வொன்றிலும் இட்ட அளவு வேறுபட்டது. ஏன்? அளவுக் குவளை உடைந்ததால் கையால் அள்ளி இட்டனர். ஏன்? குவளை உடைந்ததை எவரும் போர்மேனிடம் கூறவில்லை. ஏன்? செய்யும் எண்ணிக்கைக்கே கூலி என்பதால், வேலையை நிறுத்திச் சென்றால் அன்றைய வருவாய் குறையும்.

முதல் விடையோடு நின்றிருந்தால் பழி தொழிலாளியின்மேல் விழுந்திருக்கும். ஐந்தாம் விடையோ கூலிமுறையைச் சுட்டுகிறது. பெரும்பாலான குறைகளுக்கு அமைப்பே காரணம்; அதனைத் திருத்தும் பொறுப்பு நிருவாகத்துக்கு உரியது என்று டெமிங் வலியுறுத்தினார். 'குவளை உடைந்துவிட்டது' என அச்சமின்றிச் சொல்லும் தொழிலாளியே ஒரு கூடத்தின் முதல் தர ஆய்வாளர். 1962இல் ஜப்பானில் தோன்றிய தரவட்டங்கள், தொழிலாளர்கள் ஒன்றுகூடிக் குறைகளை ஆராய வழிவகுத்தது இதனால்தான்.

தரமும் உயிரும்

பிற தொழில்களில் தரக்குறைவு பொருளிழப்பாய் முடியலாம். பட்டாசுத் தொழிலில் அது உயிரிழப்பாய் முடியும். வெடியுப்பும் அலுமினியப் பொடியும் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால், உள்ளே வெப்பம் பெருகித் தானே தீப்பற்ற நேரிடும். ஆதலால், கலந்த மருந்தை மறுநாளுக்கு மீதம் வைத்தல் ஆகாது. இரும்புக் கருவி உராய்ந்தால் பொறி பறக்கும். ஆதலால் மரமும் பித்தளையும் பயன்படுகின்றன. உடலில் தேங்கும் நிலைமின்னூட்டத்தை நிலத்துக்குக் கடத்தவே வாயிலில் செப்புத் தகட்டைத் தொட்டபின் அறைக்குள் நுழைகின்றனர். ஓர் அறையில் நால்வருக்குமேல் பணிபுரியக்கூடாது என்னும் விதி, தீ நேர்ந்தால் இழப்பைக் குறைக்கும்.

2012 செப்டம்பர் 5 அன்று, தீபாவளிக்கான உற்பத்தி விரைந்து நடந்த வேளையில், சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவ ஓடி வந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். விரைவு முறையை விழுங்கும்போது விதிகள் ஏட்டளவில் நின்றுவிடுகின்றன. அவற்றை அன்றாடப் பழக்கமாக்குவதே தொடர் மேம்பாட்டின் பயன். 'விபத்துக்குக் காரணம் யார்?' எனப் பின்னர்த் தேடுவதினும், 'இன்று எது பிசகியது?' என நாள்தோறும் கேட்பது மேல்.

நிறைவாக

திருவள்ளுவர் 'தெரிந்துசெயல்வகை' என ஒரு தனி அதிகாரமே வகுத்தார். எண்ணிச் செய்தல் தமிழர்க்குப் புதியதன்று. செய்தபின் மீண்டும் எண்ணி, நேற்றினும் இன்று சற்றே செம்மையாகச் செய்வதே இன்றைய தொழிலுலகம் நம்மிடம் வேண்டுவது. நாளை பொறியாளராகவோ மேற்பார்வையாளராகவோ தொழிற்கூடத்துள் நுழையும் மாணவர் முதலில் கற்க வேண்டியது, குறையைச் சொல்பவரின் குரலுக்குச் செவிகொடுப்பதாகும். அங்கேதான் தரம் பிறக்கிறது. வேலைக்குச் சென்றவர் மாலையில் இல்லம் திரும்புவதும் அங்கேதான் உறுதியாகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் நடைபெறும் ஒரு தொழிலைக் கண்டறிந்து, அதில் அடிக்கடி நேரும் குறை ஒன்றினை 'ஏன்?' என்னும் ஐந்து வினாக்களால் ஆராய்ந்து எழுதுக.
2. 'தரம் இறுதிச் சோதனையில் பிறப்பதன்று' – இக்கூற்றை உங்கள் தேர்வு ஆயத்தத்தோடு பொருத்தி வகுப்பறையில் கலந்துரையாடுக.