எலியின் பூர்வீகம் அறிதல்

வயல் எலிகளைக் கொன்றொழித்த சில மாதங்களிலேயே வளைகள் மீண்டும் தோன்றுவதை நம் விவசாய அங்கத்தினர்கள் கண்டிருப்பர். அவை தப்பிய எலிகளின் சந்ததியா, அல்லது அண்டை வயலிலிருந்து குடியேறியவையா? முந்தியதாயின் குறை நம் வேலையில் உள்ளது. பிந்தியதாயின் ஒருவர் மட்டும் மருந்துக்குச் செலவிடுவது வீண். எலியைக் கண்ணால் பார்த்து இதனைக் கூற இயலாது. அதன் மரபணுப் பொருளை ஆராய்ந்து கூறலாம்.

அப்பொருளில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகளாலான சிறு துணுக்கு அடுத்தடுத்துப் பன்முறை வருகிறது. இதனை மைக்ரோசாட்டிலைட் என்பர். சேலைக் கரையில் ஒரே பூ வரிசையாக வருவது நெசவாளர் அறிந்ததே. ஓர் எலியில் அப்பூ 12 தடவை வந்தால், மற்றொன்றில் 15 தடவை வரலாம். ஒவ்வோரிடத்திலும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரு நீளங்கள் உண்டு. இத்தகைய பல இடங்களைச் சேர்த்து நோக்கினால் உறவும் ஊரும் புலப்படும்.

இவ்விடங்களைத் தேடியெடுப்பதே அரிய வேலையாகும். துணுக்கின் இருபுறத்து எழுத்துகளை அறிந்து, அவற்றோடு பொருந்தும் சிறு இழைகளைச் செய்து, 1983-இல் காரி முல்லிஸ் கண்டறிந்த முறையால் அப்பகுதியை மட்டும் கோடிக்கணக்கில் பெருக்கி, நீளத்தை அளக்கின்றனர். பின்னர்ப் பல எலிகளில் சோதித்து, யாவற்றிலும் ஒரே நீளம் காட்டும் இடங்களைத் தள்ளிவிடுவர். புறத்து எழுத்து மாறிய எலியில் இழை ஒட்டாது. ஆகவே இரண்டு நீளங்கள் இருந்தும் ஒன்றே தெரியும். பேரேட்டில் ஏறாத வரவைத் தேடி அலைந்த எனக்கு இத்தொல்லை நன்கு விளங்குகிறது.

தென் அட்லாண்டிக் சமுத்திரத்திலுள்ள தென் ஜார்ஜியா தீவில், கடல்நாய், திமிங்கில வேட்டைக் கப்பல்களில் வந்த எலிகள் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று வந்தன. தீவு முழுவதையும் ஒரே சமயத்தில் சுத்தம் செய்வது பெருஞ்செலவு. பனியாறுகள் தீவைப் பகுதிகளாகப் பிரித்திருந்தன. எலி அவற்றைக் கடக்குமா என்பதே கேள்வி. ராபர்ட்சன், ஜெம்மெல் என்போர் 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு பனியாற்றின் இருபுறத்து எலிகளும் மரபில் வேறுபட்டிருப்பதைக் காட்டினர். ஆகவே பகுதி பகுதியாக ஒழிக்க வழி பிறந்தது. (நம் வரப்புகள் பனியாறுகள் அல்ல என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.) பனியாறுகள் சுருங்கி வந்தமையால் தாமதிக்கவும் இயலவில்லை. 2011, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் ஹெலிகாப்டர் மூலம் விஷத்தீனி தூவப்பட்டது. 2018-இல் தீவில் எலி இல்லையென அறிவிக்கப்பட்டது.

இத்தகைய இடங்களில் ஒழிப்புக்கு முன்பே எலிகளின் திசுவை எடுத்துப் பாதுகாத்தல் நலம். பின்னொரு நாள் ஓர் எலி தென்பட்டால், அது தப்பியதா, புதிய கப்பலில் வந்திறங்கியதா என்று ஒப்பிட்டுச் சொல்லலாம்.