அடைப்பதா, திறப்பதா?

அன்புள்ள கயல்,

"இதயத்தில் ஓட்டை இருந்தால் அடைத்துவிட வேண்டியதுதானே, மாமா?" என்று கேட்டிருந்தாய். பல ஓட்டைகளை அப்படித்தான் அடைக்கிறார்கள். சிறியவை சில தாமாகவே மூடிக்கொள்ளும். ஆனால், இல்லாத வழியைத் திறந்து பிள்ளைகளைப் பிழைக்கவைத்ததும் உண்டு.

பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு இதயக் குறை இருக்கிறது. அவற்றுள் ஒரு வகையை 1888இல் பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ விளக்கினார். கீழறைகளுக்கு நடுவே ஓட்டை. அதன் மேலேயே பெருந்தமனி. நுரையீரலுக்குப் போகும் வழியோ குறுகல். அதனால் வலது கீழறைச் சுவர் தடித்துவிடும். ஆக்சிஜன் குறைந்த ரத்தம் உடம்பில் ஓடுவதால் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். ஓடியாடும் பிள்ளை மூச்சு வாங்கிக் குந்தி உட்கார்ந்துவிடும்.

பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இந்தக் குழந்தைகளைப் பார்த்துவந்தவர் ஹெலன் டாசிக். காது மந்தமானதால், மார்பில் விரல் வைத்தே இதயத்தின் அதிர்வைப் படித்தவர். கருவில் நுரையீரலுக்கு வேலை இல்லை. அதனால் நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் ஒரு குழாய் இணைத்திருக்கும். பிறந்த சில நாட்களில் அது மூடிக்கொள்ளும். நீலக் குழந்தைகளில் சிலருக்கு அது மூடியதும் உடல்நிலை மோசமானதை டாசிக் கவனித்தார். திறந்தே இருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். அந்தக் குழாய் வழியே நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் போனதே காரணம். அப்படியானால், நாமே ஒரு குழாய் வைத்தால் என்ன?

அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலாக் இதை ஏற்றார். நாய்களில் செய்துபார்த்து முறையை உருவாக்கியவர் அவரது ஆய்வக உதவியாளர் விவியன் தாமஸ்; தச்சுவேலை பழகிய, கல்லூரிக்குப் போக வசதியில்லாத கறுப்பினத்தவர். 1944 நவம்பர் 29 அன்று, ஒரு நீலக் குழந்தையின் கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு பிளாலாக் இணைத்தபோது, பின்னால் படியில் நின்று வழி சொன்னவரும் அவரே. அந்தக் குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. ஆனால், பின்னால் வந்த பலரின் நீலம் மறைந்தது. 1945இல் வெளியான கட்டுரையை எழுதியவர்களில் தாமஸின் பெயர் இல்லை. கௌரவ டாக்டர் பட்டம் அவரைத் தேடி வந்தது 1976இல்தான்.

இப்போது ஃபாலோ குறையை முழுமையாகவே சரிசெய்கிறார்கள். கருவில் இருந்த அந்தக் குழாயை நம்பியே பிறக்கும் சிசுக்களுக்கு, அது மூடாதிருக்க புரோஸ்டாகிளாண்டின் மருந்து தருகிறார்கள்.

நீ மருத்துவம் படித்தால், நோய் முற்றியவரை மட்டும் பார்க்காதே. அதே நோயோடு ஒருவர் சற்று நன்றாக இருந்தால், ஏன் என்று கேள்.

அன்புடன்,
மாமா