பிறர் நோயும் நமது நாவும்
(பெரியோர் வகுப்புக்கான இம்மாதப் பாடம்)



இம்மாதம் நான் எடுத்துக்கொண்ட பொருள் சிறியதாகத் தோன்றலாம். ஒருவருக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டால் அதை நாலு பேருக்குச் சொல்லலாமா, கூடாதா என்பதே அது. எனக்கு இதைப் படிப்பிக்கும் தகுதி நல்லவனாக நடந்ததால் வரவில்லை. பிழை விட்டதால் வந்தது. ஆகவே அந்தப் பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நான் ஆலய நிர்வாக சபையில் பொருளாளராக இருந்தேன். ஊரில் என்னோடு ஒரே வகுப்பில் படித்த நண்பர் ஒருவர், திருவிழா உபயப் பணத்தைப் பிந்திக் கட்டலாமா என்று கேட்க வந்தார். காரணத்தை நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். "மச்சான், குடலிலை கட்டி. ஒப்பரேஷன் செய்ய வேணும் எண்டு சொல்லீட்டாங்கள். அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை. எல்லாம் முடிய நானே சொல்லுவன். உனக்குள்ளை வைச்சிரு."

நான் ஒருவருக்கு மட்டுமே சொன்னேன். சபையிலிருந்த ஓர் அண்ணையிடம், அந்த வீட்டுக்கு முறைவைத்துச் சாப்பாடு கொடுக்க ஒழுங்கு செய்யலாமே என்ற நல்லெண்ணத்தில் சொன்னேன். அவர் தம் மனைவிக்குச் சொன்னார். மனைவி ரொறன்ரோவிலுள்ள தங்கைக்குச் சொன்னார். நாலாம் நாள் யாழ்ப்பாணத்தில் நண்பரின் தாயாருடைய படலையடியில் ஒருவர் வந்து நின்று, "உங்கடை மகனுக்குப் புற்றுநோயாமே?" என்று கேட்டிருக்கிறார்.

அன்று நண்பருக்குச் சத்திரசிகிச்சை. தொலைபேசியை நிறுத்தி வைத்திருந்தார். எழுபத்தெட்டு வயதுத் தாய் அன்றிரவு முழுவதும் மகனை அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். பதில் வராதபடியால் மகன் இறந்துவிட்டான், எல்லோரும் தன்னிடம் மறைக்கிறார்கள் என்றே நினைத்திருக்கிறார். மயக்கம் தெளிந்து தொலைபேசியைத் திறந்த நண்பர் கண்டது, எடுக்கப்படாத முப்பத்தொரு அழைப்புகளை.

நண்பர் இன்று நலமாக இருக்கிறார். என்னோடு கோபமும் இல்லை. "நீ கெட்ட எண்ணத்திலை சொல்லேல்லை எண்டு தெரியும். ஆனா அம்மாவுக்குச் சொல்லுறது என்ரை வேலை" என்று ஒரு முறை மட்டும் சொன்னார். கோயிலில் கண்டால் சிரிப்பார். ஆனால் அதன்பின் தம் வீட்டு விஷயம் எதையும் என்னிடம் சொன்னதில்லை.

இதை எழுத முன் அவரிடம் அனுமதி கேட்டேன். வாசித்துப் பார்த்துவிட்டு, "வருத்தத்தின்ரை பேரை மாத்தி எழுது. அம்மாவின்ரை கதையை மாத்தாதை" என்றார். அப்படியே செய்திருக்கிறேன்.

1. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

நாம் கெட்டவர்கள் என்பதால் இது வரவில்லை. ஊரில் ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் அயலுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் ஒருவர் சைக்கிளில் ஏற்றி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோவார். இன்னொருவர் கஞ்சி காய்ச்சுவார். பிள்ளைகளை மற்றொருவர் பார்ப்பார். யுத்த காலத்தில் இது உயிர் காத்த பழக்கம். அங்கே செய்தியும் உதவியும் ஒன்றாகவே நடந்து வந்தன.

புலம்பெயர்ந்த நாட்டில் அவை இரண்டும் பிரிந்துவிட்டன. செய்தி ஒரு நிமிடத்தில் மூன்று கண்டங்களைச் சுற்றிவிடும். கஞ்சியோ பக்கத்துத் தெருவைக்கூடத் தாண்டுவதில்லை. உதவியில்லாமல் செய்தி மட்டும் பரவும்போது நோயாளிக்கு மிஞ்சுவது, ஒவ்வொருவருக்கும் ஆதியிலிருந்து விளக்கம் சொல்லும் வேலை.

2. ஏன் சொல்லாமல் இருக்கிறார்கள்?

காரணங்கள் பல. பெற்றோருக்குத் தாமே பக்குவமாகச் சொல்ல விரும்பலாம். மகளுக்குச் சம்பந்தம் பேசும் வேளையாக இருக்கலாம். வேலையிடத்தில் தெரிந்துவிடுமோ என்று அஞ்சலாம். மனநோய் என்றால் "விசர்" என்ற ஒரே சொல்லில் தம்மை அடைத்துவிடுவார்கள் என்று பயப்படலாம். போரிலும் தடுப்புக்காவலிலும் உடலிலும் மனதிலும் காயம்பட்டவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அதைப்பற்றிப் பேசுவதே அவர்களுக்கு இரண்டாவது காயம். சிலருக்கு எந்தக் காரணமும் இல்லை. கோயிலிலாவது நோயாளியாக இல்லாமல் சாதாரண மனிதராக இருக்க விரும்புகிறார்கள். அதுவும் போதுமான காரணந்தான்.

இதிலுள்ள ஆபத்தையும் கவனிக்க வேண்டும். ஊர் கதைக்கும் என்று அஞ்சுபவர் வைத்தியரிடம் போகப் பிந்துவார். நீரிழிவு இதற்கு நல்ல உதாரணம். தெற்காசிய வம்சாவளியினருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதத்தையும் அது கெடுக்குமுன் கண்டுபிடிக்க ஓர் இரத்தப் பரிசோதனை போதும். ஆனால் அன்னதானப் பந்தியில் மோதகம் வேண்டாம் என்றவரைப் பார்த்து, "என்ன, சலரோகமோ?" என்று பத்துப்பேர் கேட்கக் கேட்டால், அடுத்த முறை அவர் மோதகத்தைச் சாப்பிட்டுவிடுவார்.

3. தொழில்களில் உள்ள தர்மம்

நோயாளி சொன்னதை வெளியிடக்கூடாது என்பது வைத்தியத் தொழிலின் மிகப் பழைய விதிகளுள் ஒன்று. ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் பண்டைய கிரேக்க உறுதிமொழியிலேயே அது உண்டு. பிரித்தானியாவில் வயதுவந்த ஒருவரின் பரிசோதனை முடிவை அவரின் சம்மதமின்றிக் கணவனுக்கோ மனைவிக்கோகூட வைத்தியர் பொதுவாகச் சொல்லமாட்டார். நோயாளி இறந்த பின்னரும் அந்தக் கடமை தொடர்கிறது.

என் தொழிலுக்கும் இது உண்டு. கணக்காளருக்கான சர்வதேச ஒழுக்கக் கோவை வகுத்த ஐந்து அடிப்படைக் கோட்பாடுகளில் இரகசியம் பேணலும் ஒன்று. விருந்து, குடும்பம் போன்ற இடங்களில் அறியாமல் வாய்தவறிச் சொல்லிவிடுவதையும் அது தனியாக எச்சரிக்கிறது. அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளரின் வருமானத்தை வாய்விடாத நான், கோயில் மண்டபத்தில் நண்பரின் குடலைப் பற்றிக் கதைத்தேன். சம்பளம் வாங்கும் இடத்தில் பேணிய தர்மத்தைக் கும்பிடும் இடத்தில் பேணவில்லை.

4. சட்டம் சொல்வது

பிரித்தானியாவின் 2018 ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதனோடிணைந்த விதிகளும் உடல்நலத் தகவலை விசேட பாதுகாப்புக்குரியதாக வைத்திருக்கின்றன. ஓர் ஆலயம் தன் அங்கத்தவரின் அத்தகைய தகவலை வைத்திருப்பதற்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் சம்மதமின்றி வெளியே கொடுக்கக்கூடாது.

இதில் எமக்குப் பாடமான வழக்கு ஒன்றுண்டு. 1998 இன் இறுதியில் சுவீடனில் தேவாலயத் தொண்டர் ஒருவர், சமய வகுப்புப் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று தம் வீட்டுக் கணினியில் இணையப் பக்கங்கள் அமைத்தார். உடன் தொண்டாற்றிய பதினெட்டுப் பேரைப் பற்றியும் சற்று வேடிக்கையாக எழுதினார். அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை. ஒருவர் காலில் காயம்பட்டு அரைநேர மருத்துவ விடுப்பில் இருக்கிறார் என்பதும் அதில் இருந்தது. சிலருக்கு இது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் உடனே அகற்றினார். ஆயினும் வழக்குத் தொடரப்பட்டு 4,000 குரோனர் தண்டம் விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டின்போது கேள்வி ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. 2003 நவம்பர் 6 ஆம் திகதி அந்நீதிமன்றம், காலில் காயம் என்பதும் உடல்நலத் தகவலே என்று தீர்ப்பளித்தது.

அந்தத் தொண்டருடையதும் நல்லெண்ணந்தான். எமது தொண்டர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் போடும் செய்திகளை இந்த வழக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சமையலறையில் இருவர் கதைப்பதை இச்சட்டம் தீண்டுவதில்லை. அங்கே எம்மைத் தடுக்க வேண்டியது மனச்சாட்சி மட்டுமே. என் நண்பரின் செய்தி பயணித்த பாதையில் பெரும்பகுதி சமையலறைகளே.

5. ஆலயத்தில் செய்யக்கூடியவை

அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் போதும். நோயின் பெயர் சீட்டிலும் வேண்டாம், ஒலிபெருக்கியிலும் வேண்டாம். எந்தக் குறைக்காக வந்தோம் என்பது சுவாமிக்குத் தெரியும்.

நோயாளிக்காக நிதி சேர்ப்பதானால், என்ன சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம் என்று முதலில் அவரிடமே கேட்க வேண்டும். "எமது அங்கத்தவர் ஒருவரின் குடும்பத்துக்கு" என்று சொன்னாலும் கொடுக்கிறவர்கள் கொடுப்பார்கள்.

திருமணமான பிள்ளைகளிடம் "இன்னும் விசேஷம் ஒன்றுமில்லையோ?" என்று கேட்பதும் உடல்நலக் கேள்வியே. கரு கலைந்து ஒரு கிழமைகூட ஆகாதவளாக அவள் இருக்கலாம். "மெலிந்து போனீர்கள்", "முடி கொட்டிவிட்டதே" என்பனவும் அப்படியே. செத்தவீட்டில் "என்ன வருத்தம்?" என்று துருவுவதையும் விட்டுவிடலாம்.

6. பிள்ளைகளை நடுவில் வைக்காதீர்கள்

ஆங்கிலம் போதாத பெற்றோர் பிள்ளையை வைத்தியரிடம் கூட்டிச்சென்று மொழிபெயர்க்கச் செய்வது எம்மிடையே வழமை. பதினொரு வயதுப் பிள்ளை தாயின் மார்பிலுள்ள கட்டியைப் பற்றி வைத்தியர் சொல்வதைத் தாய்க்குச் சொல்ல வேண்டிய நிலையை எண்ணிப் பாருங்கள். தாயும் பிள்ளைக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லமாட்டார். தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிப் பெறலாம். சந்திப்பைப் பதியும்போதே கேட்டுவிடுங்கள். வருபவர் தெரிந்த தமிழராக இருப்பாரோ என்று தயங்கினால், வேறிடத்திலுள்ள ஒருவர் தொலைபேசியில் மொழிபெயர்க்க முடியுமா என்று கேட்கலாம்.

7. மௌனம் எல்லா இடத்திலும் தகுமா?

தகாது. ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாலோ, பிள்ளைக்கு ஆபத்து என்றாலோ வாக்குறுதியைக் காப்பதைவிட உயிரைக் காப்பதே தர்மம். ஆனால் சொல்ல வேண்டியது வைத்தியரிடமும் 999 இலும், அயலவரிடம் அல்ல. காசநோய் போன்ற தொற்று என்றால், யார் யாரைப் பரிசோதிக்க வேண்டுமென்று சுகாதாரத் துறையினர் பார்த்துக்கொள்வார்கள்.

கேளாமல் இருப்பது கைவிடுவதும் அல்ல. "என்ன வருத்தம்?" என்பதற்குப் பதிலாக, "வியாழக்கிழமை பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நான் கூட்டி வரட்டோ?" என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்ல அவர் நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. ஒருவர் தாமாகச் சொன்னால், "இதை வேறு யாருக்கும் தெரியுமோ? நான் யாருக்கும் சொல்லலாமோ?" என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்காக வகுக்கிறார்: நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர். செய்தி கொண்டு செல்பவருக்கு அந்த நான்கிலும் இடமில்லை. நாம் நான்காமவராக இருப்போம்.

வீட்டில் கலந்துரையாடச் சில வினாக்கள்

1. உங்களுக்கு ஒரு நோய் வந்தால் யார் யாருக்கு, எந்த ஒழுங்கில் தெரிய வேண்டும்? அதை வீட்டாரிடம் சொல்லியிருக்கிறீர்களா?

2. சென்ற மாதம் பிறர் நோயைப் பற்றி நீங்கள் சொன்ன செய்திகளில் எத்தனை, உதவியாக மாறின?

3. உங்கள் பிள்ளை தன் உடல்நிலை பற்றி உங்களிடம் மட்டும் சொன்னதை மாமிக்கோ பெரியம்மாவுக்கோ சொன்னதுண்டா? சொல்லுமுன் பிள்ளையைக் கேட்டீர்களா?

யாவரும் நோயற்று வாழ இறைவனை வேண்டுகிறேன். நோயுற்றோர் தம் செய்தியைத் தாமே சொல்லும் அமைதியையும் பெறுவார்களாக.