இரண்டு சாவி இருக்கும்போதே மூன்றாவதைப் பதிந்துவிடுங்கள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓடும் ஃபோர்டு கார்களில், சாவியைச் செருகித் திருப்பும் வகையைச் சேர்ந்த பலவற்றுக்குக் கூடுதல் சாவியை வீட்டு வாசலிலேயே பதிந்துகொள்ளலாம். ஸ்கேன் கருவி எதுவும் வேண்டாம். ஆனால் ஏற்கெனவே பதிந்த இரண்டு சாவிகள் கையில் இருந்தே ஆக வேண்டும். அதில் ஒன்று தொலைந்துபோனால் டீலரிடமோ, கருவி வைத்திருக்கும் பூட்டுக்காரரிடமோ பணம் கட்டித்தான் தீர வேண்டும். பழைய கார் வாங்குகிறவர்கள் விலை பேசும்போதே இரண்டு சாவிகளையும் கேட்டு, இரண்டிலும் வண்டியைக் கிளப்பிப் பாருங்கள்.

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிறிய டிரான்ஸ்பாண்டர் சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரி கிடையாது. இக்னிஷன் துளையைச் சுற்றியிருக்கும் ஆன்டெனா சுருளிலிருந்து வரும் சக்தியிலேயே அது இயங்கி, தன் குறியீட்டைச் சொல்லும். அந்தக் குறியீடு வண்டியின் நினைவில் இல்லையென்றால், சாவி பூட்டில் திரும்பும், இன்ஜின் ஓடாது.

புதுச் சாவி வாங்கும்போது மாடலையும் ஆண்டையும் சொல்லி வாங்குங்கள். வெளியே ஒன்றுபோலத் தெரியும் சாவிகளுக்குள் வேறு வேறு சிப் இருக்கும். பல் வெட்டியதும் கதவிலும் இக்னிஷனிலும் தடங்கலின்றித் திரும்புகிறதா என்று பாருங்கள். உங்கள் 'இரண்டாவது' சாவி, முதல் சாவியின் சிப்பை நகலெடுத்ததாக இருந்தால் இந்த முறை பலிக்காது. குறியீடு ஒன்றே என்பதால் வண்டிக்கு அவை இரண்டும் ஒரே சாவிதான்.

பதியத் தொடங்குமுன் மூன்று சாவிகளையும் வளையத்திலிருந்து கழற்றித் தனித்தனியாக வையுங்கள். பக்கத்தில் தொங்கும் இன்னொரு சிப் சாவி குறுக்கிட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடும். இனி எல்லாம் நேரக் கணக்கு.

முதல் சாவியைச் செருகி 'ஆன்' நிலைக்குத் திருப்புங்கள். இன்ஜினைக் கிளப்ப வேண்டாம். 3 விநாடிக்குக் குறையாமல், 10 விநாடியைத் தாண்டாமல் வைத்திருந்து, அணைத்து உருவுங்கள். அடுத்த 10 விநாடிக்குள் இரண்டாவது சாவியைச் செருகி அதையே செய்யுங்கள். அதை உருவியதும், தாமதிக்காமல் 10 விநாடிக்குள் புதுச் சாவியைச் செருகி 'ஆன்' செய்து, 6 விநாடிக்குக் குறையாமல் விட்டுவையுங்கள். சில மாடல்களில் இந்தக் கடைசிக் கட்டத்துக்கு 20 விநாடி வரை அவகாசம் உண்டு. உங்கள் வண்டியின் கணக்கைக் கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கண் டாஷ்போர்டில் இருக்கட்டும். பல மாடல்களில் திருட்டுத் தடுப்பு விளக்கு 3 விநாடி நின்று எரிந்து அணைந்தால் சாவி பதிந்துவிட்டது. படபடவென்று மினுக்கினால் பதியவில்லை. 20 விநாடி பொறுத்து, முதல் சாவியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். எப்படியானாலும் புதுச் சாவியில் இன்ஜினைக் கிளப்பிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. பொதுவாக 8 சாவிகள் வரை பதியலாம்.

புதுச் சாவியைப் பதிவதால் பழையது அழியாது. திருடுபோன சாவி அதற்குப் பிறகும் உங்கள் வண்டியைக் கிளப்பும். அதை நீக்க வேண்டுமென்றால், கருவி உள்ளவரிடம் எல்லாச் சாவிகளையும் நினைவிலிருந்து அழித்து மறுபடி பதியச் சொல்ல வேண்டும். அப்போது குறைந்தது இரண்டு சாவிகளைப் பதிந்தால்தான் வண்டி கிளம்பும். வீட்டில் இருக்கும் அத்தனை சாவிகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.